மாணவர் குறும்படத்தில் சமூக நடப்பியல்: உருவாக்கமும் மதிப்பீடும்
ஒரு சமுதாய மொழியியல் நோக்கு

0. முன்னுரை

பிரிட்டனில் ஏ-லெவல் எனப்படும் மேல்நிலைப் பள்ளித் தேர்வுக்கு ஊடகவியலைப் பாடமாகக் கொள்ளும் மாணவர், தேர்வு எழுதுவதோடு ஊடகப் படைப்பு ஒன்றையும் செய்து அளிக்க வேண்டும். ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008இல் நடைமுறைக்குக் கொணர்ந்த பாடத்திட்டத்தில் இதற்கெனத் தரப்பட்ட பணிகளுள் ஒன்று, ஏறத்தாழ ஐந்து நிமிட அளவிலான முழுமையான குறும்படம். அதனுடன் சுவரொட்டி, வானொலி விளம்பரம், திரைப்பட இதழுக்குரிய மதிப்புரைப் பக்கம் ஆகிய மூன்றனுள் இரண்டையும் மாணவர் உருவாக்க வேண்டியிருந்தது. மொத்த மதிப்பெண் 100. இதில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்திற்கு 60, தம் படைப்பைத் தாமே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. பாடத்திட்டம் 2017இல் மாற்றியமைக்கப்பட்டது எனினும், படைப்பும் தன்மதிப்பீடும் இணைந்த இப்பயிற்சி முறை மாணவர் திரைப்படக் கல்வியை ஆராய்வதற்கு நல்ல சான்றாக விளங்குகிறது.

இப்பணிக்கு ஏற்ற வகைமைகளுள் ஒன்று சமூக நடப்பியல். அரங்க அமைப்போ, விலையுயர்ந்த ஒளியமைப்போ, தொழில்முறை நடிகரோ இதற்குத் தேவையில்லை. மாணவர் வாழும் தெருவே களமாகிவிடும். ஆயின், எளிதாகத் தோன்றும் இவ்வகைமையில் மாணவர் படங்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்றுண்டு. அது உரையாடல். படப்பிடிப்புக் கோணத்தையும் படத்தொகுப்பையும் நுணுகி ஆராயும் மதிப்பீடுகள், பாத்திரங்கள் பேசும் மொழியைப் பற்றி ஓரிரு வரிகளோடு அமைந்துவிடுகின்றன.

சமூக நடப்பியலில் பேச்சின் உண்மைத்தன்மை, வட்டாரச் சொற்களைப் பெய்வதால் வருவதன்று; ஒரே மனிதரின் பேச்சு ஆளுக்கும் இடத்திற்கும் ஏற்ப மாறும் மாற்றத்தைக் காட்டுவதால் வருவது. இக்கருத்தை நிறுவுவதும், அதனடிப்படையில் உருவாக்கம், மதிப்பீடு, மொழிபெயர்ப்பு ஆகிய மூன்று நிலைகளிலும் பின்பற்றத்தக்க சில நெறிகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள் ஆகும்.

1. சமூக நடப்பியல்: வரையறையும் மரபும்

ரேமண்ட் வில்லியம்ஸ் 1977இல் வெளியிட்ட நடப்பியல் பற்றிய சொற்பொழிவில் இவ்வகைக் கலையின் பண்புகளைத் தொகுத்துரைக்கிறார். நிகழ்காலத்தைக் களமாகக் கொள்ளுதல், மனிதச் செயல்களை மனித அளவிலேயே விளக்குதல், அதுவரை கலையில் இடம்பெறாத மக்கட்பிரிவினரை உள்ளே கொண்டுவருதல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுடன், குறிப்பிட்ட அரசியல் நோக்கிலிருந்து உணர்ந்து செய்யும் விளக்கம் என்னும் நான்காவது பண்பையும் அவர் சேர்க்கிறார். மொழியியலாருக்கு மூன்றாவது பண்பு சிறப்பாகக் கருதத்தக்கது. புதிய மக்கட்பிரிவு திரைக்குள் வரும்போது அதன் மொழியும் உடன் வருகிறது. அம்மொழிக்கு எந்த இடம் தரப்படுகிறது என்பதே வினா.

ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் 1935இல் உருவாக்கிய 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்னும் ஆவணப்படத்தில், இலண்டன் ஸ்டெப்னிப் பகுதிக் குடிசைவாசிகள் தம் வீடுகளில் நின்று, தம் சொந்தப் பேச்சில், நேரே ஒளிப்படக் கருவியை நோக்கிப் பேசினர். அக்காலத்தில் இது பெரிய புதுமை. எனினும் சிக்கலைத் தொகுத்துரைத்துத் தீர்வு கூறும் பொறுப்பு, பின்னணியில் ஒலிக்கும் அலுவல்சார் குரலுக்கே தரப்பட்டது. இத்தாலியில் விஸ்கோந்தி 1948இல் எடுத்த 'லா தெரா திரேமா' படத்தில் சிசிலியின் ஆச்சி திரேட்சா மீனவர்கள் தம் கிளைமொழியிலேயே பேசினர். பிற இத்தாலியர்க்கு அது விளங்காது என்பதால் பொது இத்தாலிய மொழியில் விளக்கவுரை சேர்க்கப்பட்டது. இவ்விரு படங்களிலும் கிளைமொழி அனுபவத்தைச் சொல்கிறது. நியம மொழி அவ்வனுபவத்திற்குப் பொருள் சொல்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வையே காலின் மக்கேப் 1974இல் 'கருத்தாடல்களின் படிநிலை' என விளக்கினார். மரபான நடப்பியல் பனுவலில் பாத்திரங்களின் பேச்சுகள் ஒன்றுக்கொன்று கீழ்மேலாக அடுக்கப்படுகின்றன என்றும், அவற்றின் மெய்ம்மையை அளக்கும் உரிமை கதைசொல்லும் மொழிக்கே உரியதாகிறது என்றும் அவர் வாதிட்டார். மாணவர் குறும்படத்தில் விளக்கவுரைக் குரல் இல்லாதிருக்கலாம். அப்போதும் இப்படிநிலை மறைவதில்லை. நியம மொழி பேசும் ஆசிரியரோ சமூகப் பணியாளரோ அவ்விடத்தை நிரப்பிவிடுவது உண்டு.

1960இல் வெளிவந்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்', 1969இல் வெளிவந்த கென் லோச்சின் 'கெஸ்' ஆகியவற்றால் இங்கிலாந்தின் வடபகுதி, இடைநிலப் பகுதிப் பேச்சுகள் திரையில் நிலைபெற்றன. பாரி ஹைன்சின் 1968ஆம் ஆண்டு நாவலை அடிப்படையாகக் கொண்ட 'கெஸ்', பார்ன்ஸ்லியில் அவ்வூர்ச் சிறுவன் ஒருவனை முதன்மை நடிகனாக்கி எடுக்கப்பட்டது. லோச்சின் 'ரிஃப்-ராஃப்' (1991), லின் ராம்சேயின் 'ராட்கேச்சர்' (1999) ஆகிய படங்கள் அமெரிக்காவில் ஆங்கிலத் துணைத்தலைப்புகளுடன் திரையிடப்பட்டன. ஆங்கிலப் படத்திற்கே ஆங்கிலத் துணைத்தலைப்பு தேவைப்பட்டது என்பது, மொழிபெயர்ப்பின் எல்லை மொழிகளுக்கிடையில் மட்டும் இல்லை என்பதைக் காட்டுகிறது.

மாணவர் படைப்பு என்ற நிலையிலிருந்தே உலக அரங்கை எட்டிய எடுத்துக்காட்டும் உண்டு. லின் ராம்சே பிரிட்டனின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் பயிற்சி முடிப்பதற்காக எடுத்த 'ஸ்மால் டெத்ஸ்' என்னும் குறும்படம் 1996இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஒரு பெண்ணின் இளமைக்காலத்திலிருந்து எடுத்த மூன்று சிறு நிகழ்வுகளே அதன் உள்ளடக்கம். விளக்கிக் கூறுவதற்காகப் பாத்திரங்களைப் பேசவைக்கும் போக்கு அதில் இல்லை.

2. உருவாக்கம்

2.1. எழுதிய உரையாடலும் வாசிப்பு நடையும்

மாணவர் குறும்படங்களில் நடிப்போர் பெரும்பாலும் உடன்பயிலும் மாணவரும் குடும்பத்தினரும் ஆவர். அவர்கள் இயல்பாகப் பேசும் மொழியே படத்திற்கு வேண்டிய மொழி. இருந்தும் படத்தில் அவர்கள் பேச்சு செயற்கையாக ஒலிக்கிறது. இதற்கு நடிப்புப் பயிற்சியின்மையையே காரணமாகக் கூறுவது வழக்கம். சமுதாய மொழியியல் வேறொரு காரணத்தைத் தருகிறது.

பீட்டர் டிரட்கில் நாரிச் நகரப் பேச்சைப் பற்றி 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில '-இங்' ஈறு '-இன்' என ஒலிக்கப்படும் விழுக்காட்டை வகுப்புவாரியாகவும் நடைவாரியாகவும் கணக்கிட்டார். உழைக்கும் வகுப்பின் மேல்நிலைப் பிரிவினரிடம் அவர் கண்ட அளவுகள் வருமாறு:

இயல்பு நடை – 87
முறைசார் நடை – 74
பத்தி வாசிப்பு நடை – 15
சொற்பட்டியல் வாசிப்பு நடை – 5

முறைசார் பேச்சுக்கும் பத்தி வாசிப்புக்கும் இடையிலுள்ள வீழ்ச்சி கூர்ந்து நோக்கத்தக்கது. நேர்காணலில் அயலாரிடம் பேசும்போதுகூட நான்கில் மூன்று முறை தம் வட்டார ஒலிப்பைக் கையாள்வோர், அச்சிட்ட பத்தியைக் கையில் கொடுத்தவுடன் ஏழில் ஒரு முறையே அதனைக் கையாள்கின்றனர். எழுத்து, பேசுபவரை நியம மொழியின்பால் ஈர்க்கிறது.

உரையாடலை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் மாணவ இயக்குநர், தம் நடிகரை அறியாமலே வாசிப்பு நடைக்குள் தள்ளிவிடுகிறார் எனலாம். வட்டார ஒலிப்பை எழுத்துக்கூட்டிக் காட்டுவதாலும் இது தீர்வதில்லை. நடிகர் தம் இயல்பான ஒலிப்பையே பிறர் எழுதித் தந்த வேடமாகக் கண்டு, அதனை மிகைப்படுத்தத் தொடங்குவார். லோச் கதையின் வரிசைப்படியே படம்பிடிப்பதும், நடிகர்க்கு உரையாடலைப் பகுதி பகுதியாகத் தருவதும், அடுத்து நிகழ்வதை மறைத்துவைப்பதும் நன்கு அறியப்பட்ட முறைகள். உணர்ச்சியின் புதுமையைக் காப்பதற்கான இம்முறைகள், பேச்சு வாசிப்பு நடைக்குள் வழுவாமல் காக்கவும் உதவுகின்றன.

மாணவர்க்கு இதிலிருந்து கிடைக்கும் நெறி எளியது. உரையாடலுக்கு மாறாகச் சூழலை எழுத வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார், எதைப் பெற விரும்புகிறார், எதை மறைக்கிறார் என்னும் மூன்றையும் நடிகரிடம் வாய்மொழியாகக் கூறி, இரண்டு மூன்று முறை பேசவிட்டு ஒலிப்பதிவு செய்து, அப்பதிவிலிருந்து உரையாடலைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். லபோவ் கூறிய நோக்குநர் முரண் இங்கும் உண்டு. நாம் கவனியாதபோது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கவனித்தே அறிய வேண்டியிருக்கிறது. கருவியைப் பழக்கப்பட்ட பொருளாக்குவதும், பேச்சோடு கைகளுக்கு ஒரு வேலையைத் தருவதும் இம்முரணைக் குறைக்கும்.

2.2. மாற்றமே மெய்ம்மை

நாரிச் ஆய்வு தரும் மற்றொரு பாடம், வட்டார வடிவங்கள் எப்போதும் வருவனவல்ல என்பது. அவை மாறிகள். ஆகவே, முதற்காட்சி முதல் இறுதிக்காட்சி வரை ஒரே அளவில் கொச்சையாகப் பேசும் பாத்திரம் நடப்பியல் பாத்திரம் ஆகாது, கேலிச்சித்திரமே ஆகும். இதனை விளக்க ஒரு கதைச்சூழலை அமைத்துக்கொள்வோம்.

தென் யார்க்சயரின் பழைய சுரங்க ஊர் ஒன்றில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், நோயுற்ற தாயையும் சிறுவயதுத் தங்கையையும் தனியே பேணுகிறான். அதனால் பள்ளிக்கு நாள்தோறும் காலந்தாழ்த்தி வருகிறான். வீட்டு நிலை வெளியே தெரிந்தால் தங்கையைப் பிரித்துக் கொண்டுசென்றுவிடுவர் என்பது அவன் அச்சம். 'என்ன ஆயிற்று?' என்னும் ஒரே வினாவை அவனிடம் மூவர் கேட்கின்றனர். அவன் விடைகள் வருமாறு:

(1) பள்ளி வாயிலில் தோழனிடம்: 'நவ்ட்.'
(2) துணைத் தலைமையாசிரியரிடம்: 'நத்திங், சர்.'
(3) தொலைபேசியில் சமூகப் பணியாளரிடம்: 'நத்திங் அட் ஆல், தேங்க் யூ.'

மூன்றுக்கும் அகராதிப் பொருள் ஒன்றே. 'நவ்ட்' என்பது 'ஒன்றுமில்லை' என்னும் பொருளில் இங்கிலாந்தின் வடபகுதியில் இன்றும் வழங்கும் வட்டாரச் சொல். (1)இல் அது பேச்சை நட்போடு முடித்துவைக்கிறது. (2)இல் நியமச் சொல்லும் விளிச்சொல்லும் பள்ளியின் அதிகாரத்தை ஏற்கின்றன. (3)இல் சிறுவன் பெரியவரின் மொழியைப் போலி செய்கிறான். வீட்டில் பொறுப்பான பெரியவர் உண்டு என்னும் பொய்யை அம்மொழியின் ஒழுங்கே சொல்லிவிடுகிறது. இறுதிக் காட்சியில் துணைத் தலைமையாசிரியர் மீண்டும் அதே வினாவைக் கேட்க, அவன் விடை:

(4) 'நவ்ட்.'

விளிச்சொல் இல்லை, நியமச் சொல்லும் இல்லை. காத்துவந்த எல்லை உடைந்துவிட்டது. அழுகையோ இசையோ இன்றிக் கதையின் உச்சம் ஒரு சொல்லின் நடைமாற்றத்தில் நிகழ்கிறது. முதலிலிருந்தே அவனை எல்லாரிடமும் 'நவ்ட்' எனப் பேசவிட்டிருந்தால் (4) பொருளற்றதாகிவிடும் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

முன்னோர் படங்களைப் பின்பற்றுவதிலும் எச்சரிக்கை தேவை. பார்ன்ஸ்லி வட்டார மரபுக் கிளைமொழியில் 'தா' என்னும் ஒருமை முன்னிலை வடிவம் நெருங்கியோரிடையே வழங்கியது. மூத்தோரிடமும் மதிப்பிற்குரியோரிடமும் 'யூ' வழங்கியது. 'கெஸ்' அக்காலத்துப் பேச்சைப் பதிவு செய்கிறது. இன்றைய இளையோரிடம் 'தா' பெரிதும் குறைந்துவிட்டது. 'கெஸ்' படத்தைப் போற்றும் மாணவர் அவ்வடிவத்தை இன்றைய சிறுவன் வாயில் இட்டால், அவர் வாழ்க்கையைப் படம்பிடிக்கவில்லை, முன்னொரு படத்தைப் படம்பிடிக்கிறார் என்றே கொள்ள நேரும்.

2.3. ஒலிப்பதிவு

உரையாடல் எத்துணை இயல்பாக அமைந்தாலும் ஒலிப்பதிவு பழுதுபட்டால் பயனில்லை. கருவியிலேயே பொருந்திய ஒலிவாங்கி, அறையின் எதிரொலியையும் தெரு இரைச்சலையும் சமமாக வாங்கிக்கொள்ளும். பின்னர் மறுகுரல் சேர்க்கும்போது நடிகர் தாளைப் பார்த்து மீண்டும் வாசிப்பு நடைக்கே திரும்புவார். ஆகவே ஒலிவாங்கியை வாய்க்கு அருகே வைத்து நேரடியாகப் பதிவு செய்தலே இவ்வகைமைக்கு ஏற்றது. ஆளற்ற அறையின் ஒலியை அரைநிமிடம் தனியே பதிவு செய்துகொண்டால், படத்தொகுப்பில் வெட்டுகளுக்கிடையே தோன்றும் வெறுமையை நிரப்பலாம்.

3. மதிப்பீடு

3.1. நான்கு வினாக்கள்

முன்னர்ச் சுட்டிய பாடத்திட்டத்தின் தன்மதிப்பீடு நான்கு வினாக்களைக் கொண்டது. மாணவரின் படைப்பு, நிலவும் ஊடகப் படைப்புகளின் வடிவங்களையும் மரபுகளையும் எவ்வாறு கையாள்கிறது, வளர்க்கிறது அல்லது மறுக்கிறது என்பது முதல் வினா. முதன்மைப் படைப்பும் துணைப் படைப்புகளும் எவ்வளவு இயைந்துள்ளன என்பது இரண்டாவது. பார்வையாளர் கருத்துகளிலிருந்து கற்றது என்ன என்பது மூன்றாவது. ஊடகத் தொழில்நுட்பங்களைப் பல்வேறு கட்டங்களில் பயன்படுத்திய விதம் நான்காவது.

இவை பயனுள்ள வினாக்களே. எனினும் முதல் வினா சமூக நடப்பியலுக்குப் பொருந்தும்போது ஓர் இடர் எழுகிறது. மரபுகளைக் கையாண்டதைக் காட்ட விரும்பும் மாணவர், அம்மரபுகளைப் பட்டியலாக்கிக்கொள்கிறார். நகராட்சிக் குடியிருப்பு, மேகம் மூடிய வானம், கைப்பிடிப் படப்பிடிப்பு, தலைமூடிச் சட்டை, வசைச்சொல், முடிவுறாத முடிவு என்பதாக அப்பட்டியல் அமையும். ஒவ்வொன்றும் படத்தில் உண்டு எனக் குறித்துவிட்டால் வினாவுக்கு விடை கிடைத்துவிடும். வாழ்க்கையை நோக்கித் திரும்ப வேண்டிய வகைமை, வகைமையை நோக்கியே திரும்பிக்கொள்கிறது. இதில் தாழ்வுறுவோர் படத்தில் காட்டப்படும் மக்கள். வசைச்சொல்லும் சிதைந்த ஒலிப்பும் வறுமையின் அடையாளமாகப் பட்டியலில் இடம்பெறும்போது, அவர்கள் மொழி ஒப்பனைப் பொருளாகிவிடுகிறது.

மூன்றாம் வினாவிலும் இதனையொத்த குறை நேர்கிறது. 'உரையாடல் இயல்பாக இருந்ததா?' எனக் கேட்டால் உடன்பயிலும் மாணவர் 'ஆம்' என்றே கூறுவர். 'இச்சிறுவன் எந்த ஊரினன்? ஆசிரியரிடம் பேசும்போது அவன் பேச்சில் என்ன மாறியது? அவன் எதை மறைத்தான்?' என்று கேட்டால், படம் உணர்த்தியதும் உணர்த்தத் தவறியதும் வெளிப்படும். படத்தில் காட்டப்படும் சமூகத்தைச் சேர்ந்த ஓரிருவரேனும் பார்வையாளராக இருத்தல் இன்றியமையாதது. தம் பேச்சு திரையில் ஒலிக்கும் விதம் சரியா என்பதைக் கூறத் தகுதியுடையோர் அவர்களே.

3.2. மொழிசார் மதிப்பீட்டுக் கூறுகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் சமூக நடப்பியல் குறும்படத்தின் மொழியை மதிப்பிடப் பின்வரும் ஐந்து வினாக்களை முன்வைக்கலாம்.

(அ) முதன்மைப் பாத்திரம் குறைந்தது இரு வேறு ஆட்களிடம் பேசுகிறதா? அவ்விரு பேச்சுகளுக்கும் வேறுபாடு உண்டா?
(ஆ) அவ்வேறுபாடு கதையின் சிக்கலோடு தொடர்புடையதா, அன்றி வண்ணம் சேர்ப்பதற்கு மட்டுமே வருகிறதா?
(இ) வட்டார வடிவங்கள் மாறிகளாக வருகின்றனவா, அன்றி எங்கும் ஒரே சீராக வருகின்றனவா?
(ஈ) நிகழ்வுக்குப் பொருள் கூறும் உரிமை யாருடைய மொழிக்குத் தரப்பட்டுள்ளது?
(உ) மௌனம் பேச்சின் பகுதியாக அமைந்துள்ளதா?

முதல் மூன்றனையும் உரையாடலை எழுத்துப்பெயர்த்து எண்ணிப் பார்த்தே கண்டறியலாம். ஐந்து நிமிடப் படத்தின் உரையாடல் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும் ஆதலின், இது மாணவர் ஆற்றலுக்கு உட்பட்டதே. 'உரையாடல் எதார்த்தமாக உள்ளது' என்னும் பொதுக்கூற்றுக்கு மாறாகச் சான்றோடு கூடிய கூற்றை எழுத இப்பயிற்சி வழிசெய்யும். நான்காம் வினா மக்கேப் சுட்டிய படிநிலையை மாணவர்தம் படத்திலேயே காண வைப்பது. ஐந்தாவது, பேசாமையும் ஒரு மொழிச்செயல் என்பதை நினைவூட்டுவது.

4. மொழிபெயர்ப்பு நிலை

இத்தகைய படத்திற்குத் தமிழில் துணைத்தலைப்பு அமைக்கும் மொழிபெயர்ப்பாளர் முன் இரு எளிய வழிகள் உள்ளன. இரண்டும் பொருந்தாதவை.

எல்லாவற்றையும் எழுத்துத் தமிழில் தருவது ஒரு வழி. அப்போது (1) முதல் (4) வரை அனைத்தும் 'ஒன்றுமில்லை' என்றாகிப் படத்தின் உச்சம் மறைந்துவிடும். கிளைமொழிக்குக் கிளைமொழி தருவது மற்றொரு வழி. (1)இனை 'ஒண்ணுமில்லலே' எனப் பெயர்த்தால் யார்க்சயர்ச் சிறுவன் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்துவிடுவான். கிளைமொழி வகுப்பை மட்டுமன்றி இடத்தையும் சுட்டுவது. திரையில் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டு துணைத்தலைப்பில் வேறோர் இடத்தைப் படிக்கும் பார்வையாளர்க்கு முரண் தோன்றும்.

பெயர்க்க வேண்டியது வடிவமன்று, வடிவங்களுக்கிடையிலான தொலைவு. இத்தொலைவைக் காட்டத் தமிழில் வளமான கருவிகள் உள. ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கின் இயல்புகள் தமிழிலும் தெளிவாக உண்டு; எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பயன்பாட்டுக் களங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவற்றோடு நீ, நீங்கள் என்னும் முன்னிலை வேறுபாடும், -டா, -ங்க முதலிய ஒட்டுகளும் பேசுவோர்தம் உறவை நுண்மையாகச் சுட்டுகின்றன. இவற்றைக் கொண்டு பின்வருமாறு பெயர்க்கலாம்:

(1அ) ஒண்ணுமில்லடா.
(2அ) எதுவும் இல்லை சார்.
(3அ) அப்படி எதுவும் இல்லைங்க. நன்றி.
(4அ) ஒண்ணுமில்ல.

இங்கு வட்டாரம் சுட்டாத பொதுப் பேச்சுத்தமிழ் 'நவ்ட்' என்பதன் இடத்தையும், எழுத்து வழக்கை ஒட்டிய வடிவம் 'நத்திங்' என்பதன் இடத்தையும் பெறுகின்றன. (1அ)இல் வரும் -டா மூலத்தில் இல்லாதது. எனினும் தோழமையை உணர்த்தும் பொருட்டு ஏற்கத்தக்கது. (4அ)இல் -டா வாராமையும் 'சார்' வாராமையும் சேர்ந்தே பொருள் தருகின்றன.

'தா', 'யூ' வேறுபாடு வரும் பழைய படங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு மேலும் ஒரு நன்மை உண்டு. நியம ஆங்கிலத் துணைத்தலைப்பு இரண்டையும் 'யூ' என ஒன்றாக்கிவிடும். தமிழோ நீ, நீங்கள் என அவ்வேறுபாட்டை அப்படியே தாங்கிக்கொள்ளும். எனவே ஆங்கிலத் துணைத்தலைப்பிலிருந்து தமிழாக்குதல் கூடாது. படத்தின் ஒலியைக் கேட்டே தமிழாக்குதல் வேண்டும். நியமமாக்கப்பட்ட இடைநிலைப் பனுவலில் தொலைந்துபோன வேறுபாட்டைத் தமிழால் மீட்க இயலாது.

இடவரையறையும் கருதத்தக்கது. இரண்டு வரிகொண்ட துணைத்தலைப்பு ஏறத்தாழ ஆறு நொடி நிற்கும் என்பது பரவலாகக் கையாளப்படும் கணக்கு. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் எழுத்து வழக்கின் வினைமுற்றுகள் நீண்டவை. 'சொல்லவில்லை' என்பதினும் 'சொல்லல' குறுகியது; 'போய்விட்டான்' என்பதினும் 'போயிட்டான்' குறுகியது. ஆகவே பேச்சு வழக்கைக் கையாளுதல் உண்மைத்தன்மைக்கு மட்டுமன்றி வாசிப்பு வேகத்திற்கும் துணைசெய்கிறது.

5. முடிவுரை

சமூக நடப்பியல் குறும்படத்தில் மொழி, காட்சிக்குத் துணையாக வருவதன்று. காட்டப்படும் சமூக உறவே மொழியில்தான் நிகழ்கிறது. எழுதிய உரையாடல் நடிகரை நியம மொழிக்கு இழுக்கும் என்பதை நாரிச் ஆய்வின் அளவுகள் உணர்த்துகின்றன. வட்டார வடிவங்களின் மிகுதியன்று, ஆள்நோக்கிய மாற்றமே மெய்ம்மையைத் தருகிறது. மரபுப் பட்டியலை நிரப்பும் மதிப்பீடு இம்மாற்றத்தைக் காணாது. எழுத்துப்பெயர்ப்பையும் எண்ணிக்கையையும் அடிப்படையாகக் கொண்ட மொழிசார் மதிப்பீடு காணும். மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியதும் இம்மாற்றத்தையே.

இந்தியாவில் திரைப்படப் பயிற்சி நிறுவனங்களிலும் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளிலும் மாணவர்கள் பல மொழிகளில், பல கிளைமொழிகளில் குறும்படங்களை எடுத்துவருகின்றனர். அவற்றின் உரையாடல்கள் உரிய முறையில் எழுத்துப்பெயர்க்கப்பட்டால் அவை சமுதாய மொழியியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் தரவுகளாகும். அப்படங்களை மதிப்பிடும் குழுக்களில் மொழியியலார் ஒருவர் இடம்பெறுதல் இருசாரார்க்கும் பயன் தரும்.